இடுப்பு முறிவும் இறந்துபோன எலும்பும்

வயது முதிர்ந்த ஒருவர் வழுக்கி விழுந்து 'இடுப்பெலும்பு முறிந்துவிட்டது' என்று பிறர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் இவ்வாறு விழும்போது பெரும்பாலும் முறிவது இடுப்பெலும்பு அன்று. இடுப்பின் கிண்ணத்தில் பொருந்தியிருக்கும் தொடை எலும்பின் மேல்முனையே முறிகிறது.

இரண்டு பேர் இப்படி விழுந்ததாகக் கொள்வோம். இருவருக்கும் தொடை எலும்பின் மேல்முனையில்தான் முறிவு. ஒருவருடைய முறிவு சற்று மேலே, மற்றவருடையது சற்றுக் கீழே. இடைவெளி சில சென்டிமீட்டர்தான். கீழே முறிந்தவருக்கு எலும்பை நேராக்கிப் பொருத்தினால் சில மாதங்களில் கூடிவிடுகிறது. மேலே முறிந்தவருக்கோ எலும்பு கூடாமலே போகலாம். கூடினாலும், ஓராண்டு இரண்டாண்டு கழித்து மூட்டே நொறுங்கிப் போகலாம். ஒரே எலும்பு, ஒரே உடல். பின் ஏன் இந்த வேறுபாடு?

இலண்டன் மாநகரின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1822 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதைப்பற்றி எழுதினார். எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்படுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட காலம் அது. மேலே முறிந்த எலும்புக்கு ஊட்டம் போதாமையே காரணம் என்று அவர் கருதினார். அவர் கருத்து எவ்வளவு சரியானது என்பதைப் பார்ப்போம். அதற்கு உடலியலோடு கொஞ்சம் இயற்பியலும் வேண்டும்.

மூட்டின் அமைப்பு

இடுப்பு மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. தொடை எலும்பின் உச்சியில் அரைக்கோளத்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டை ஒன்று உள்ளது. இதைத் தலை என்கிறோம். பெரியவர்களுக்கு இதன் விட்டம் ஏறத்தாழ 4½ முதல் 5 செ.மீ. வரை இருக்கும். அதன்மேல் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தப்பட்டிருக்கிறது. தலைக்குக் கீழே ஒடுங்கிய பகுதி கழுத்து. கழுத்துக்குக் கீழே தசைகள் வந்து பற்றிக்கொள்ளும் புடைப்புகள் உள்ளன. அதற்கும் கீழே நீண்ட தண்டு.

கழுத்து, தண்டுக்கு நேராக நிற்பதில்லை. அதனோடு சுமார் 125 பாகைக் கோணத்தில் உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இந்தச் சாய்வினால் கால் பல திசைகளிலும் தாராளமாக அசைய முடிகிறது. ஆனால் உடலின் எடை கழுத்தை வளைக்கவும் முயல்கிறது. தெருவிளக்குக் கம்பத்தின் உச்சியில் பக்கவாட்டில் நீண்டிருக்கும் கையை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் நுனியில் ஒருவர் தொங்கினால் எப்படி இருக்கும்?

ஒற்றைக் காலில் நில்லுங்கள்

60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் வலக்காலில் மட்டும் நிற்பதாகக் கொள்வோம். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் இந்நிலை நமக்கு நேர்கிறது. அவருடைய எடை ஏறத்தாழ 600 நியூட்டன். இதில் வலக்காலின் எடை சுமார் 100 நியூட்டன். எஞ்சிய 500 நியூட்டனை வலது இடுப்பு மூட்டு தாங்க வேண்டும்.

இந்த 500 நியூட்டன் மூட்டுக்கு நேர்மேலே செயல்படவில்லை. உடலின் நடுவை ஒட்டி, மூட்டிலிருந்து சுமார் 10 செ.மீ. உள்பக்கமாகச் செயல்படுகிறது. எனவே இடுப்பு இடப்பக்கம் சாயவேண்டும். ஆனால் சாய்வதில்லை. மூட்டின் வெளிப்பக்கத்திலுள்ள தசைகள் இடுப்பை இழுத்துப் பிடிக்கின்றன. வலக்காலில் நின்றுகொண்டு வலது இடுப்பின் பக்கவாட்டில் கைவைத்துப் பாருங்கள். அத்தசைகள் இறுகுவதை உணரலாம். மூட்டிலிருந்து இவற்றின் தூரம் சுமார் 5 செ.மீ. மட்டுமே.

இது ஒரு நெம்புகோல். மூட்டே ஆதாரப்புள்ளி. இருபுறத் திருப்புத்திறன்களும் சமமாக இருக்க வேண்டும்.

தசை விசை × 5 = 500 × 10

ஆகவே தசை விசை 1000 நியூட்டன். எடையும் கீழ்நோக்கி அழுத்துகிறது. தசையும் கீழ்நோக்கி இழுக்கிறது. இரண்டையும் கூட்டினால் தொடை எலும்பின் தலைமீது விழும் சுமை 1500 நியூட்டன். அதாவது உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு!

தசை சற்றுச் சாய்வாக இழுப்பதை நாம் கணக்கில் கொள்ளவில்லை. ஆயினும் விடை உண்மைக்கு வெகு அருகில் உள்ளது. பெர்லின் நகர ஆராய்ச்சியாளர்கள் விசையை அளக்கும் கருவிகளைச் செயற்கை மூட்டுகளுக்குள்ளேயே வைத்துப் பொருத்தி அளந்தார்கள். இயல்பாக நடக்கும்போது எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு விசையே பதிவாயிற்று. கால் இடறித் தடுமாறும்போது அது ஏழு மடங்கையும் தாண்டியது.

ஒரு காலில் நாளைக்கு 3,000 அடி வைத்தால், ஓராண்டில் பத்து இலட்சம் தடவைக்கு மேல் இச்சுமை ஏறி இறங்குகிறது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

பாரந்தூக்கியும் எலும்பும்

இத்தனை சுமையைத் தாங்கும் எலும்பு உள்ளே கெட்டியாக இருக்கும் என்று நினைப்போம். ஆனால் தலையையும் கழுத்தையும் நெடுக்காக அறுத்துப் பார்த்தால் மெல்லிய எலும்பு இழைகளால் ஆன வலைப்பின்னலே தெரியும். 1866 ஆம் ஆண்டில் சூரிச் நகரில், ஹெர்மன் ஃபான் மேயர் என்ற உடற்கூறு அறிஞர் காட்டிய இத்தகைய அமைப்பைப் பொறியியல் பேராசிரியர் கார்ல் குல்மன் கண்டார். இழைகள் தாறுமாறாக ஓடவில்லை. வளைந்த பாரந்தூக்கி ஒன்றில் சுமை ஏற்றினால் அழுத்தமும் இழுவிசையும் எந்தக் கோடுகள் வழியாகச் செல்லுமோ, அதே போன்ற கோடுகளில் அவை அமைந்திருந்தன.

சுமை மாறினால் இழைகளின் அமைப்பும் காலப்போக்கில் மாறும் என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892 இல் எடுத்துரைத்தார். இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. எலும்பு கட்டி முடிக்கப்பட்ட சுவர் அன்று. ஒருவகைச் செல்கள் பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டே இருக்கின்றன. வேறொரு வகைச் செல்கள் புதிய எலும்பைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. எலும்புக்குள்ளேயே சிறைப்பட்டதுபோல் வாழும் மூன்றாம் வகைச் செல்கள் எங்கே விரிசல், எங்கே சுமை என்று உணர்ந்து தெரிவிக்கின்றன. இவை அனைத்துக்கும் ஆக்சிஜனும் உணவும் வேண்டும். அவற்றைக் கொண்டுவருவது இரத்தம்.

குறுகிய பாதை

உடலின் பல பகுதிகளுக்கு இரத்தம் பல வழிகளில் வந்து சேருகிறது. ஒரு வழி அடைபட்டாலும் மற்றொன்று உதவும். தொடை எலும்பின் தலைக்கு அந்த வசதி மிகக் குறைவு. தலையின் பெரும்பகுதியைக் குருத்தெலும்பு மூடியிருப்பதால் இரத்தக் குழாய்கள் அதன் வழியே நுழைய முடியாது. எனவே தொடைத் தமனியின் கிளைகள் கழுத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வந்து, கழுத்தின் மேற்பரப்பை ஒட்டியபடி மேலேறி, தலையின் விளிம்பில் உள்ளே புகுகின்றன. சுவரை ஒட்டி மாடிக்குச் செல்லும் மெல்லிய தண்ணீர்க் குழாய் போன்ற ஏற்பாடு இது. கிண்ணத்தின் நடுவிலிருந்து தலைக்குச் செல்லும் சிறு தசைநார் ஒன்றிலும் ஒரு நுண்ணிய தமனி உண்டு. பெரியவர்களுக்கு அது மட்டுமே போதாது.

இப்போது நம் புதிருக்கு விடை கிடைத்துவிட்டது. கழுத்துக்குக் கீழே, புடைப்புகளின் பகுதியில் முறிந்தால் தலைக்குச் செல்லும் குழாய்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அங்கே சுற்றிலும் தசைகளும் இரத்த ஓட்டமும் மிகுதி. ஆகவே எலும்பு கூடிவிடுகிறது. கழுத்து முறிந்து துண்டுகள் விலகினாலோ, சுவரோடு ஒட்டிய குழாய்களும் அறுபடுகின்றன. அறுபடாமல் தப்பினாலும் மற்றோர் ஆபத்து உண்டு. கழுத்து, மூட்டு உறைக்குள் அடங்கியது. முறிவிலிருந்து கசியும் இரத்தம் அந்த மூடிய உறைக்குள் தேங்கி அழுத்தத்தை உயர்த்துகிறது. மெல்லிய குழாய்கள் அந்த அழுத்தத்தில் நசுங்கலாம்.

1961 ஆம் ஆண்டில் கார்டன் என்ற மருத்துவர் கழுத்து முறிவுகளை நான்கு படிகளாகப் பிரித்தார். முதலிரண்டில் துண்டுகள் விலகியிருப்பதில்லை. மூன்றாவதிலும் நான்காவதிலும் விலகியிருக்கும். பின்னிரண்டில்தான் தலை இறக்கும் அபாயம் மிகுதி. ஆக, ஆஸ்ட்லி கூப்பர் பொதுவாகச் சரியான திசையிலேயே சிந்தித்தார். ஆனால் மேலே முறிந்த எலும்பு எதுவும் கூடவே கூடாது என்று சொல்வதற்கில்லை. துண்டுகள் விலகாமலிருந்தாலும், விரைவில் சரியாகப் பொருத்தப்பட்டாலும் பல எலும்புகள் கூடுகின்றன.

முறியாமலே இறப்பது

முறிவே இல்லாமலும் இரத்தப் பாதை அடைபடலாம். அப்போது எலும்பின் இறப்பு முதலில் நேர்கிறது. முறிவு பின்னால் வருகிறது. ஸ்டீராய்டு மருந்துகளை அதிக அளவில் உட்கொள்வதும், நெடுநாள் மிகுதியாக மது அருந்துவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். அரிவாள் வடிவச் செல் நோயில் வளைந்து விறைத்த இரத்தச் சிவப்பணுக்களே நுண்குழாய்களை அடைத்துவிடுகின்றன. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1952 இல் நீலகிரி மலைவாழ் மக்களிடையே கண்டறியப்பட்டது. சிறுவர்களுக்கு, பெரும்பாலும் 4 முதல் 8 வயதுக்குள், காரணம் தெளிவாகத் தெரியாமலே தலைக்குச் செல்லும் இரத்தம் குறைந்துபோவதும் உண்டு. இதற்குப் பெர்தஸ் நோய் என்று பெயர்.

இயற்பியல் மாணவர் விரும்பக்கூடிய காரணம் ஒன்றும் உண்டு. ஹாம்பர்க் நகரில் எல்பே ஆற்றின் கீழே 1907 முதல் 1911 வரை சுரங்கப்பாதை அமைத்தார்கள். ஆற்றுநீர் உள்ளே புகாமலிருக்க, அழுத்தப்பட்ட காற்று நிரம்பிய அறைகளில் தொழிலாளர்கள் வேலை செய்தனர். அவர்களில் சிலருடைய மூட்டெலும்புகள் பின்னர் சிதைந்தன. ஏன்? அழுத்தம் மிகும்போது திரவத்தில் கரையும் வாயுவின் அளவும் மிகும் என்னும் ஹென்றியின் விதியை நினைவுகூருங்கள். அழுத்தம் திடீரென்று குறைந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழ்கள் பொங்குவதுபோல் நைட்ரஜன் குமிழ்கள் உடலுக்குள் தோன்றும். நைட்ரஜன் நீரில் கரைவதைவிடக் கொழுப்பில் சுமார் ஐந்து மடங்கு கரையும். தொடை எலும்புத் தலையின் உள்ளே இருப்பதோ கொழுப்பு மிகுந்த மஜ்ஜை! ஆழ்கடலில் மூழ்குவோர் படிப்படியாக மேலேறி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறந்த எலும்பு ஏன் உடனே உடைவதில்லை?

இரத்தம் நின்றுவிட்டால் எலும்புச் செல்கள் ஓரிரு நாள்களுக்குள் இறந்துவிடுகின்றன. ஆனால் எலும்பு உடனே நொறுங்குவதில்லை. அதன் வலிமை கால்சிய உப்பிலும் புரத இழைகளிலும் உள்ளது. அவை அப்படியே இருக்கின்றன. வெட்டிய மரம் உத்தரமாக நின்று சுமை தாங்குகிறதல்லவா?

ஆனால் உத்தரத்துக்கு ஆண்டுக்குப் பத்து இலட்சம் தடவை சுமை ஏறி இறங்குவதில்லை. ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடிந்துவிடும். உலோகத்தில் தோன்றும் இந்தக் களைப்பு எலும்பிலும் தோன்றும். உயிருள்ள எலும்பில் நுண்ணிய விரிசல்கள் அவ்வப்போது செப்பனிடப்படுகின்றன. இறந்த எலும்பில் அவை சேர்ந்துகொண்டே போகின்றன.

இதில் ஒரு விந்தையும் உண்டு. உடல் சும்மா இருப்பதில்லை. அண்டையிலுள்ள உயிருள்ள பகுதியிலிருந்து புதிய இரத்தக் குழாய்கள் இறந்த பகுதிக்குள் வளர்கின்றன. அவற்றுடன் எலும்பைக் கரைக்கும் செல்களும் வருகின்றன. பழைய இழைகளைக் கரைப்பது விரைவாகவும், புதியவற்றைக் கட்டுவது மெதுவாகவும் நடக்கிறது. பழைய தூண்களை எடுத்தாகிவிட்டது. புதியவை இன்னும் எழும்பவில்லை. எலும்பு மிகவும் பலவீனமாக இருப்பது இந்தக் கட்டத்தில்தான். அப்போது குருத்தெலும்புக்குச் சற்றுக் கீழே, பிறை வடிவில் ஒரு முறிவு தோன்றுகிறது. குருத்தெலும்பு மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் பெறுவதால் உயிரோடுதான் இருக்கும். ஆயினும் அடித்தளம் போனபின் அது என் செய்யும்? அமுங்கிய பிங்பாங் பந்துபோல் தலை சப்பையாகிறது. பிறகு கிண்ணமும் தேய்கிறது.

எதைக் கொண்டு பார்ப்பது?

எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரிவது கால்சியம். உயிர் இருக்கிறதா என்று அது சொல்லாது. இறந்த தலையிலும் கால்சியம் இருப்பதால் தொடக்கத்தில் படம் இயல்பாகவே தோன்றும். சில வேளைகளில், இறந்த பகுதி மற்றவற்றைவிட அதிக வெண்மையாகத் தெரிவதும் உண்டு. நடமாட்டம் இல்லாதபோது சுற்றியுள்ள உயிருள்ள எலும்பு கால்சியத்தை இழக்கிறது. இறந்த எலும்பிலிருந்து அதை எடுத்துச்செல்ல இரத்தம் இல்லை!

காந்த ஒத்ததிர்வுப் படம் வேறு வகை. வலிமையான காந்தப் புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சைகைகளை அது பதிவு செய்கிறது. மஜ்ஜையின் நீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் நிறைய உண்டு. எனவே மஜ்ஜையில் ஏற்படும் மாற்றத்தை, எலும்பு அமுங்குவதற்கு முன்பே அது காட்டிவிடுகிறது.

மருத்துவம்

தலை அமுங்குமுன் கண்டுபிடித்தால், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைத்துப் புதிய குழாய்கள் வளர வழி செய்கிறார்கள். இளவயதினரின் கழுத்து முறிவை விரைவாக நேராக்கித் திருகாணிகளால் பொருத்தித் தலையைக் காப்பாற்ற முயல்கிறார்கள். முதியவர்களின் விலகிய முறிவுக்குப் பெரும்பாலும் செயற்கைத் தலையோ முழுச் செயற்கை மூட்டோ பொருத்துகிறார்கள். அவர்களைப் பல மாதங்கள் படுக்கையில் கிடத்துவது ஆபத்து. நுரையீரல் தொற்று, படுக்கைப்புண், குருதிக்கட்டி ஆகியவை வரும்.

செயற்கை மூட்டின் வெற்றிக்கும் இயற்பியலே துணை நின்றது. இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி உராய்வைப்பற்றி ஆராய்ந்தார். உராய்வு விசையை உருண்டையின் ஆரத்தால் பெருக்கினால், கிண்ணத்தைத் திருகி அசைக்க முயலும் திருப்புத்திறன் கிடைக்கும். ஆரம் குறைந்தால் திருப்புத்திறனும் குறையும். எனவே சுமார் 22 மி.மீ. விட்டமுள்ள சிறிய எஃகு உருண்டையைத் தேர்ந்தார். கிண்ணத்துக்கு முதலில் பயன்படுத்திய டெஃப்லான் சில ஆண்டுகளில் தேய்ந்துபோயிற்று. 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறினார். அதன்பின் இச்சிகிச்சை உலகெங்கும் பரவியது.

நீங்கள் செய்யக்கூடியவை

முதியவர் விழுந்தபின் கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் முறிவு என்றே கருத வேண்டும். எழுப்பி நிறுத்தாதீர்கள். எண்ணெய் தடவி நீவவோ, காலைப் பிடித்து இழுக்கவோ யாரையும் விடாதீர்கள். அசையாமல் படுக்கவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லச் சொல்லுங்கள். துண்டுகள் விலகாத முறிவில் சிலர் வலியோடு நடக்கவும் செய்வார்கள். 'நடக்கிறாரே, முறிவு இராது' என்று விட்டுவிட்டால், அடுத்த சில நாள்களில் துண்டுகள் விலகி இரத்தக் குழாய்கள் அறுபடலாம். தொடையிடுக்கில் வலி இருந்தால் படமெடுத்துப் பார்ப்பதே முறை.

வாகன விபத்தில் இளைஞருக்குக் கழுத்து முறிந்தாலும், தலை கிண்ணத்தைவிட்டு நழுவினாலும் சில மணி நேரமே கையில் உள்ளது. இன்னொன்று: இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் தோன்றுவதுண்டு. உங்கள் தம்பியோ தங்கையோ முழங்கால் வலி என்று நொண்டி நடந்தால், இடுப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதித் தராமல் ஸ்டீராய்டு மருந்தைத் தொடாதீர்கள். மருத்துவர் தந்ததை அவரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது. வீட்டில் ஈரமில்லாத தரையும், இரவில் ஒரு சிறு விளக்கும், குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் எத்தனையோ எலும்புகளைக் காக்கும்.

ஒரு கணக்கு

வலது இடுப்பு நோயுற்றவர் ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? வலக்கை என்றுதான் பலரும் சொல்வார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். இடக்கையில் பிடித்து 75 நியூட்டன் விசையுடன் ஊன்றுவதாகக் கொள்க. மூட்டிலிருந்து கோலின் தூரம் 40 செ.மீ. எனலாம். கோல் உடலை மேல்நோக்கித் தாங்குகிறது. ஆகவே அது தசைக்குத் துணையாகிறது.

தசை விசை × 5 + 75 × 40 = 500 × 10

தசை விசை 1000 இலிருந்து 400 நியூட்டனாகக் குறைகிறது. மூட்டின் சுமை 400 + 500 – 75 = 825 நியூட்டன். முன்பு 1500! கோலை 75 நியூட்டன் விசையுடன் ஊன்றினால் மூட்டில் 675 நியூட்டன் மிச்சமாகிறது. வலக்கையில் பிடித்தால் கோலின் திருப்புத்திறன் எடையோடு சேர்ந்துகொள்ளும். உடலை வலப்பக்கம் சாய்த்து நடந்தால்தான் பயன் கிடைக்கும்.

இனி நீங்களே ஒன்று செய்யுங்கள். அதே மனிதர், ஊன்றுகோல் இல்லாமல், 100 நியூட்டன் எடையுள்ள தண்ணீர் வாளியைத் தூக்கிச் செல்கிறார். இடக்கையில் தூக்கினால் வாளி மூட்டிலிருந்து உள்பக்கமாக 40 செ.மீ. தூரத்திலும், வலக்கையில் தூக்கினால் வெளிப்பக்கமாக 20 செ.மீ. தூரத்திலும் இருக்கிறது. வலது மூட்டின்மீது விழும் சுமை ஒவ்வொரு முறையும் எவ்வளவு?

விடை: இடக்கையில் 2400 நியூட்டன், வலக்கையில் 1200 நியூட்டன். வலக்கையில் வாளி இருக்கும்போது மூட்டின் சுமை வாளியே இல்லாதபோது இருந்ததைவிடக் குறைவாக இருப்பது எவ்வாறு என்று சிந்தித்துப் பாருங்கள். விளங்கியதும், வீட்டில் இடுப்பு வலியுள்ள பெரியவர் எவரேனும் இருந்தால், கோலை எந்தக் கையிலும் பையை எந்தக் கையிலும் பிடிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லுங்கள்.